முதல் ஸ்கீ வாரம்: பெட்மெரால்ப்புக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

சுவிஸில் எங்கள் தமிழ் ஆட்களில் பனிமலைப் பக்கம் தலைகாட்டாதவர் குறைவு. எண்பதுகளில் வந்தவர்களில் எத்தனையோ பேர் மலை ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவித்தான் தொடங்கினார்கள். யன்னலுக்கு வெளியே பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். தாங்கள் அந்த ஸ்கீக் கட்டையில் ஏறி நிற்கவில்லை. காசுக்காரர் விளையாட்டு, கால் முறிகிற விளையாட்டு என்று ஒதுக்கியாயிற்று. என் வீட்டிலும் அதே கதைதான், மகள் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூட ஸ்கீ முகாமுக்கான கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்வரை.

முதல் தடவை பேர்பெற்ற, பெரிய ஒரு இடத்துக்குப் போனோம். முதல் நாளே ஆறு நாள் லிஃப்ட் பாஸ் வாங்கி, முதல் நாளே உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு, ஏறிப்போன கேபிள் காரிலேயே கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினோம். மகன் அழுதான், நான் அழாத குறை. அடுத்த மாரிக்கு பெட்மெரால்ப்பைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது வருடாவருடம் அங்கேதான். அந்த இரண்டாம் தடவை நாங்கள் வேகமாகப் போக ஆசைப்படவில்லை. நிறுத்தப் பழகவேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போனோம். கீழே சொல்கிற எல்லாம் அதைச் சுற்றித்தான்.

இடம்

பெட்மெரால்ப் வாலிஸ் மாநிலத்தில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு கிராமம். கார் போகாது. தெருவே பனிதான்; சனம் கடைக்குப் போய் வாங்கிய சாமானை மரச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். நான்கு வயதுப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி போடலாம். பக்கத்தில் ரீடரால்ப், அந்தப் பக்கம் பீஷரால்ப். மூன்றையும் சேர்த்து ஆலெட்ஷ் அரேனா என்கிறார்கள். சறுக்குப் பாதைகள் மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் முதல் வாரத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது அதில் இருநூறு மீட்டர். அந்த இருநூறு மீட்டர் வீட்டுக்குப் பக்கத்தில், தட்டையாக, வெயில் விழுகிற இடத்தில் இருக்கவேண்டும். பெரிய இடங்களில் அதுதான் கிடைப்பதில்லை.

குறையையும் சொல்லவேண்டும். இந்த மலைமேடை தெற்கைப் பார்த்துக் கிடக்கிறது. வெயில் நல்லது, ஆனால் மார்ச் மாதத்தில் காலையில் பாதை கண்ணாடிபோல் இறுகியிருக்கும். மத்தியானம் கஞ்சிபோல் இளகிவிடும். புதியவர்களுக்கு இரண்டுமே கஷ்டம். இடையில் உள்ள இரண்டு மணி நேரத்தைப் பிடியுங்கள். இரவு வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. ஒன்பது மணிக்கு ஊர் உறங்கிவிடும்.

எப்போது

பெப்ரவரியில் பள்ளிக்கூட விளையாட்டு விடுமுறை. மாநிலத்துக்கு மாநிலம் கிழமை மாறும், ஆனால் அந்த மாதம் முழுவதும் எங்கேயும் கூட்டம், வாடகையும் உச்சத்தில். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் என்றால் ஜனவரி நடுப்பகுதிதான் என் தெரிவு: குளிர் கடுமை, ஆனால் பனி காய்ந்து மென்மையாக இருக்கும், வரிசை இருக்காது. நத்தார்ச் செலவுக்குப் பிறகு காசில்லாமல் கிடக்கிற காலத்தை இங்கே ‘யானுவார்லொக்’, அதாவது ஜனவரிக் குழி என்பார்கள். எல்லாரும் குழிக்குள் விழுந்து கிடக்கும்போது நாங்கள் மலைக்குப் போவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

தொடர்மாடி வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனிவரைதான் வாடகைக்கு. விலைக்கு மேலே படுக்கை விரிப்பு, இறுதிச் சுத்தம், ஆளுக்கொரு விடுதி வரி என்று வரும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிற வழி

பேர்ணிலிருந்து பிரிக் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 2007-இல் திறந்த, 34 கிலோமீட்டருக்கு மேல் நீளமான லொட்ஷ்பெர்க் சுரங்கம் வழியே ரயில் போகும். பிரிக்கில் இறங்கியதும் நிலையத்துக்கு உள்ளே அடுத்த மேடையைத் தேடி அலையாதீர்கள். மாட்டர்ஹோர்ன் கோட்ஹார்ட் பாதையின் சிவப்பு ரயில் நிலையத்துக்கு வெளியே, முன்முற்றத்தில் நிற்கும். அதில் மோரெலில் இறங்கினால் ரீடரால்ப்; அடுத்து வரும் பெட்டன் அடிவார நிலையத்தில் இறங்கினால் பெட்மெரால்ப். அங்கிருந்து கேபிள் கார். அரைக்கட்டண ரயில் அட்டையும், பெற்றோரோடு போகிற பிள்ளைகளுக்கான யூனியர் அட்டையும் கையில் இருக்கட்டும்.

காரில் வருகிறவர்கள் அதே அடிவார நிலையத்தில் காரை விட்டுவிடவேண்டும். பேர்ண் பக்கமிருந்து வந்தால் காண்டர்ஸ்டேக்கில் காரை ரயிலில் ஏற்றிக் கொப்பன்ஸ்டைனில் இறக்குவார்கள். கால் மணி நேரம், நீங்கள் காருக்குள்ளேயே இருக்கலாம். சனிக்கிழமை பகலில் அங்கே நீண்ட வரிசை நிற்கும்.

சாமானைக் குறையுங்கள். மேலே இறங்கியபின் வீடுவரைக்கும் நீங்கள்தான் இழுக்கவேண்டும், சில்லு வைத்த பெட்டி பனியில் உருளாது. முதுகுப்பைதான் சரி. அல்லது வீட்டுக்காரரிடம் முன்பே சொன்னால் சறுக்குவண்டி ஒன்றைக் கேபிள் கார் வாசலில் விட்டுவைப்பார்கள்.

உடுப்பு

பருத்தி வேண்டாம், டெனிம் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளுடை, நடுவில் ஃபிளீஸ், வெளியே தண்ணி புகாத ஜாக்கெட்டும் ஸ்கீக் காற்சட்டையும். ஆறு நாள் விளையாட்டுக்கு எல்லாம் புதிதாக வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு ஊர் ‘ஸ்கீபோர்ஸெ’ என்று பழைய சாமான் சந்தை நடக்கும். பிள்ளைகளின் காற்சட்டை, ஹெல்மெட் பை, கண்ணாடி எல்லாம் அங்கே அள்ளலாம். ஹெல்மெட்டை மட்டும் பழசு வாங்காதீர்கள், அது எங்கே அடிபட்டது என்று உங்களுக்குத் தெரியாது. சுவிஸில் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. அதற்காகப் போடாமல் போகிற புதியவரை நான் இன்னும் காணவில்லை, காணவும் விரும்பவில்லை.

எங்கள் தோல் கறுப்பு, வெயில் என்ன செய்யும் என்ற கதையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் பத்து வீதத்துக்கு மேல் கூடும். புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும். முதல் வருடம் என் மூக்குத்தண்டும் நாடிக்கு அடியும் உரிந்தன. நாடிக்கு அடியில் வெயில் படும் என்று யார் நினைத்தது!

சப்பாத்து

இந்த வாரம் நல்லபடி போகுமா இல்லையா என்பது வாடகைக் கடையின் வாங்கில்தான் முடிவாகும். ஆகவே இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கடைக்கு நெருக்கடி இல்லாத நேரத்தில் போங்கள். சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாரும் அங்கே நிற்பார்கள். ஸ்கீச் சப்பாத்தின் அளவு சாதாரணச் சப்பாத்தின் எண் இல்லை. பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். வீட்டிலேயே சுவரோடு குதிக்காலை வைத்து, பெருவிரல் நுனிவரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். முழங்கால்வரை வருகிற மெல்லிய காலுறை ஒன்று, ஒரே ஒன்று. குளிரும் என்று நான் இரண்டு சோடி போட்டேன். இரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிர்ந்தது, இரண்டு காலுறைக்கும் நடுவில் தோல் உரசிக் கொப்புளம் வந்தது. உள்ளுடையின் கால் நுனியையும் சப்பாத்துக்குள் விடக்கூடாது. கணைக்காலில் ஒரு மடிப்பு இருந்தாலும் மத்தியானத்துக்குள் அது ஆணிபோல் குத்தும்.

காலை விட்டதும் குதிக்காலை நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்சுவரில் முட்டவேண்டும். முழங்காலை முன்னுக்கு மடித்தால் அந்த முட்டு விலகவேண்டும். குதிக்கால் மேலே எழும்பக்கூடாது. கீழ்க் கொளுக்கிகளை லேசாக, கணுக்காலுக்கு மேலுள்ளவற்றை இறுக்கமாகப் பூட்டுங்கள். பிறகு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நில்லுங்கள். இறுக்கம் வேறு, வலி வேறு. இறுக்கம் வேண்டும், ஒரு புள்ளியில் மட்டும் வலித்தால் வேறு சோடி கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டால் ஆறு நாளும் அந்தப் புள்ளியிலேயே வலிக்கும்.

அடுத்து கடைக்காரர் வயது, உயரம், எடை, எவ்வளவு பழக்கம் என்று கேட்பார். அதை வைத்துத்தான் விழும்போது கட்டை எப்போது கழன்று விழவேண்டும் என்று, சப்பாத்தைக் கட்டையோடு பிடிக்கிற பூட்டின் திருகாணியைத் திருகுவார். இங்கே எடையில் பொய் சொல்லக்கூடாது. மனைவி பக்கத்தில் நின்றாலும் சொல்லக்கூடாது. பழக்கத்தைக் கூட்டிச் சொல்வது அதைவிட மோசம். பூட்டு இறுக்கமாகிவிடும், விழும்போது கட்டை கழலாது, முழங்கால் திருகும். புதியவருக்குக் கட்டை நாடிவரை உயரமாக இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு அதைவிடக் குட்டை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தை வெளித்தாழ்வாரத்தில் விடாதீர்கள். இரவு உறைந்த சப்பாத்து காலையில் திறக்கவே மறுக்கும்.

பள்ளி

பிள்ளைகளை ஸ்கீப் பள்ளியில் சேர்ப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் வாதம் வேறு: பெரியவர்களும் சேரவேண்டும். எங்கள் ஆட்கள் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, கயிற்றுக்கு வெளியே தேர்மோஸோடு நின்று படம் எடுப்பார்கள். மூன்றாம் நாள் பிள்ளை இலகுவான நீலப் பாதையில் போய்விடும், இவர்கள் அங்கேயே நிற்பார்கள். நாற்பது வயதில் விழுந்து எழும்பக் கூச்சம்தான். அங்கே நாற்பது வயதில் விழுந்து எழும்புகிறவர்கள் உங்களோடு இன்னும் ஆறு பேர் இருப்பார்கள்.

சொந்தப் பிள்ளைக்குத் தானே பழக்கப் பார்க்கிற தகப்பன்மாரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. சைக்கிள் பழக்கிய நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழு வகுப்புகள் வாரத்தின் தொடக்கத்தில் தொடங்கும், நடுவில் சேர்ந்தால் பின்தங்கவேண்டி வரும். முன்பே பதிவு செய்யுங்கள். சின்னவர்களுக்கு நகரும் கம்பளம் ஒன்று இருக்கும். அதில் நின்றபடியே மேலே போகலாம். அந்தக் கம்பளம் போகிற உயரம்தான் உங்களுக்கும் முதல் இரண்டு நாள். முழு மலைக்குமான பாஸை மூன்றாம் நாள்வரைக்கும் வாங்காதீர்கள். தொடக்கக்காரருக்கான மலிவுச் சீட்டு உண்டா என்று கவுண்டரில் கேளுங்கள்.

முதல் காலை

கட்டையை மாட்டுவதற்கு முன் சப்பாத்தின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டுங்கள். பனி இருந்தால் பூட்டு விழாது. கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், பள்ளப்பக்கக் கட்டையில் முதலில் ஏறுங்கள். முன்விரல் உள்ளே, பிறகு குதிக்காலால் ஒரு மிதி. ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்.

பயம் வந்தால் மனித உடம்பு பின்னுக்குச் சாயும். இந்த விளையாட்டில் தவறு எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. பின்னுக்குச் சாய்ந்தால் கட்டையின் முன்பாதிக்குப் பாரம் இல்லை, அது சொன்னதைக் கேட்காது, கயிறறுத்த மாடுபோல் ஓடும். முன்னுக்குச் சாயவேண்டும், கணைக்கால் சப்பாத்தின் முன்நாக்கில் எப்போதும் அழுந்தியபடி இருக்கவேண்டும். எங்கள் ஆசிரியை என் காலுக்கும் சப்பாத்துக்கும் இடையில் ஒரு பத்து ரப்பன் நாணயம் இருப்பதாக நினைக்கச் சொன்னாள். அது கீழே விழக்கூடாது. அன்று காலை நான் எத்தனை ரப்பன் தொலைத்தேன் என்று கணக்கில்லை.

நிறுத்துவதற்கு: முன்நுனிகளை ஒன்றுக்கொன்று கிட்ட, பின்நுனிகளை அகல. பிள்ளைகளுக்கு இதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பெரிய துண்டு என்றால் நிற்கும், சின்னத் துண்டு என்றால் மெல்லப் போகும். திரும்புவதற்கு, இடக் கட்டையில் பாரத்தைப் போட்டால் வலப்பக்கம் திரும்பும், வலக் கட்டையில் போட்டால் இடப்பக்கம். கேட்கத் தலைகீழாக இருக்கும், கால் அரை நாளில் புரிந்துகொள்ளும். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப்பக்கமாக விழுங்கள். எழும்புவதற்கு முதலில் கட்டைகளைப் பள்ளப்பக்கம் கொண்டுவந்து சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். அப்படி வைக்காமல் எழும்பினால், எழும்பிய அதே கணத்தில் மறுபடியும் பயணம் தொடங்கிவிடும்.

இழுவைக் கம்பி

சரிவில் மேலே இழுத்துக்கொண்டு போக, நங்கூரம்போல் தலைகீழ் டி வடிவத்தில் ஒரு கம்பி வரும், இரண்டு பேருக்கு ஒன்று. அதில் உட்காரக்கூடாது. அது ஆசனம் இல்லை; பின்புறத்தைத் தள்ளுகிற கை. நான் உட்கார்ந்தேன். கம்பி நீண்டுகொண்டே இறங்கியது, நானும் அதோடு இறங்கிப் பனியில் அமர்ந்தேன், பக்கத்தில் நின்ற மனைவி தனியே மேலே போய்விட்டாள். அப்படி விழுந்தால் கம்பியை விட்டுவிட்டு உடனே பாதைக்கு வெளியே உருளுங்கள். அடுத்த சோடி வந்துகொண்டிருக்கும். நாற்காலி லிஃப்ட்டில் முதுகுப்பையை முன்னுக்கு மாட்டுங்கள், பட்டி சிக்காது. ‘முதல் தடவை’ என்று ஊழியரிடம் சொன்னால் வேகத்தைக் குறைத்துவிடுவார்.

பாதையில் ஒழுங்கு

சுவிஸில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மஞ்சள் அடையாளம் தயார்செய்யாத பனிப் பாதைக்கு. அதில் உங்களுக்கு வேலை இல்லை. கம்பங்களுக்கு வெளியே பனிச்சரிவு அபாயம், அந்தப் பக்கமும் வேலை இல்லை. முன்னுக்குப் போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலகவேண்டும். நிற்கவேண்டும் என்றால் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர்கள் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள். மேட்டுக்கு அடியில் நிற்காதீர்கள்.

லிஃப்ட் நின்றபிறகு பாதையில் நடக்கவோ சறுக்குவண்டி விடவோ கூடாது. ‘ராட்ராக்’ என்கிற பனி சமன்செய்யும் இயந்திரங்கள் இருட்டில் இரும்புக் கம்பியில் தொங்கி வேலை செய்யும். அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது.

யாராவது அடிபட்டால், அவருக்கு மேட்டுப்பக்கம் இரண்டு கட்டைகளைக் குறுக்காக நட்டுவிட்டு, பாதை வரைபடத்தில் உள்ள மீட்பு எண்ணுக்கோ 144-க்கோ அழையுங்கள். காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை: வாரம் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறவருக்கு ஓய்வுநேர விபத்தும் வேலையிடக் காப்புறுதியில் அடங்கும். பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகாதவர்களுக்கும் அடிப்படை மருத்துவக் காப்புறுதிதான். அது மீட்புச் செலவில் பாதியை, அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்கு வரைக்குமே கொடுக்கும். ஹெலிகொப்டர் வந்தால் மிச்சம் உங்கள் தலையில். மேலதிகக் காப்புறுதி இருக்கிறதா என்று போகுமுன் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பயணக் காப்புறுதியில் குளிர்கால விளையாட்டு அடங்குமா என்று எழுத்தில் பார்க்கவேண்டும்.

சமையல்

மலை உணவகத்தில் நாலு பேர் மத்தியானம் சாப்பிட்டால் ஒரு வாரச் சந்தைக் காசு போய்விடும். காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள், வாங்கில் இருந்து சாப்பிடலாம். சூப்புக்கு மட்டும் உள்ளே போங்கள். பார்லி சூப் நம் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

முதல் இரவு மனைவி பருப்பை அடுப்பில் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்தும் பருப்பு பல்லில் கடிபட்டது. பழைய பருப்பு என்று கடைக்காரனைத் திட்டினோம். பிழை கடைக்காரனில் இல்லை: அந்த உயரத்தில் தண்ணி 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. அடுத்த வருடம் முதல் பிரஷர் குக்கர் முதுகுப்பையில் வருகிறது. சோறும் அதிலேதான்.

சறுக்காதவர்கள்

மாமி எங்களோடு வந்தா, கட்டையைத் தொடவே மாட்டேன் என்று. அவவுக்குத்தான் அந்த வாரம் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ரீடரால்ப் பக்கம் சமன்செய்த நடைபாதை இருக்கிறது. கிராமத்து விளிம்பில் மேட்டில் நிற்கிற வெள்ளைத் தேவாலயம் 1697-இல் கட்டியது. பெயர் ‘மரியா சும் ஷ்னே’: நம் தூத்துக்குடி பனிமய மாதா. இங்கே மாதாவைச் சுற்றி மெய்யாகவே பனி.

மாமியை ஒரு நாள் கொண்டோலா என்கிற கேபிள் கூண்டில் பெட்மெர்ஹோர்ன் மலைக்கு ஏற்றினோம். அதற்கு ஸ்கீ தேவையில்லை. மேலே மறுபக்கம் திறந்ததும் ஆலெட்ஷ் பனியாறு: ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம், ஆல்ப்ஸில் இதைவிடப் பெரியது இல்லை, 2001 முதல் யுனெஸ்கோ மரபிடம். நடுவில் இரண்டு கறுத்தக் கோடு, வண்டித்தடம்போல். ‘இதில் ஆர் வண்டி ஓட்டினது?’ என்று மாமி கேட்டா. அது பக்க மலைகளிலிருந்து விழுந்த கல், பனிக்கட்டியின் முதுகில் ஏறி நூற்றாண்டுக்கணக்கில் நகர்ந்துகொண்டிருக்கிறது. பனியாறு சுருங்குவதால் பக்கத்துச் சரிவும் நழுவுகிறது. ரீடரால்ப்புக்கு மேலே உள்ள மூஸ்ஃப்ளூ கேபிள் நிலையத்தை நிலத்தோடு சேர்த்து நகர்த்திச் சரிசெய்யும்படி அதற்காகவே கட்டியிருக்கிறார்கள்.

கடைசி நாட்கள்

நாலாம் நாள் கால் பிடித்துக்கொள்ளும். அன்று அரை நாள் லீவு விடுங்கள், பிள்ளைகளோடு மரச் சறுக்குவண்டி ஓட்டுங்கள். ஐந்தாம் நாள் ஆசிரியரோடு முதல் நீலப் பாதை. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று யார் கேட்டாலும், அது பிள்ளையாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும், இல்லை என்று சொல்லுங்கள். களைத்த கால், மங்கிய வெளிச்சம், இளகிய பனி மூன்றும் சேர்கிற நேரம் அது.

வெள்ளி மாலையே கட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள், சனி காலை வீட்டைத் துடைத்துக் கொடுக்கவே நேரம் போதாது. கொடுக்குமுன் உங்கள் சப்பாத்தின் அளவையும் குதிக்கால் பக்கம் அச்சடித்திருக்கிற மில்லிமீட்டர் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாரி கடையில் அரை மணி நேரம் மிச்சம். பிள்ளைகளுடையதை எடுத்து வைத்துப் பிரயோசனம் இல்லை, அதற்குள் கால் வளர்ந்துவிடும்.